கட்டணமில்லாக் கல்லூரியின் செலவு: குன்றாண்டார்கோவில் மாணவரின் தெரிவு குறித்து

புதுக்கோட்டை மாவட்டம் குன்றாண்டார்கோவில் ஒன்றியத்தில் பிளஸ் டூ முடித்த ஒருவன் முன் இரண்டு அரசுக் கல்லூரிகளை வைத்துப் பார்ப்போம். ஒன்று, சமஸ்தான காலத்திலேயே தோன்றிய புதுக்கோட்டை மன்னர் கல்லூரி. மற்றொன்று, 2021இல் அரசு அறிவித்த பத்துப் புதிய கல்லூரிகளுள் ஒன்றான ஆலங்குடி அரசு கலை அறிவியல் கல்லூரி. இரண்டிலும் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியிலிருந்து வந்தவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் (2024) மாதம் ஆயிரம் ரூபாய் கிடைக்கும். மாணவிகளுக்கு அதுபோன்றது புதுமைப் பெண் திட்டம் (2022). எனவே செலவில் இரண்டும் ஒன்றே என்ற முடிவுக்கு வருவது எளிது. அம்முடிவு தவறு என்பதே என் வாதம்.

செலவு பேருந்தில் இருக்கிறது. பயண அட்டை இலவசம்; நேரம் இலவசமில்லை. ஊரிலிருந்து கீரனூர் வந்து, அங்கே மாறிப் புதுக்கோட்டை சேர வேண்டும். ஆலங்குடி என்றால் புதுக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் இன்னொரு மாற்றம். கீரனூரில் ஒரு வண்டியைத் தவறவிட்டால் முதல் பாடவேளை போச்சு. இப்படியே போனால் வருகைப்பதிவு 75 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கும். அப்புறம் வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான கண்டோனேஷன் கட்டணம் கட்டித்தான் தேர்வெழுத முடியும். பேருந்தின் தாமதம் பணமாக மாறுவது இங்கேதான். நூறு நாள் வேலையின் கூலி 2025-26இல் நாளொன்றுக்கு ரூ.336. அரசு தரும் ஆயிரம் ரூபாய் மூன்று நாள் கூலிக்குச் சற்றே குறைவு. நடவுக்கும் அறுப்புக்கும் பையனை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் குடும்பத்தின் கணக்கு இதற்குள் அடங்காது.

இம்மாவட்டத்துக்கு இது புதிய பாடமன்று. 1990களின் தொடக்கத்தில் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்து அறிவொளி இயக்கம், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தது. போய்வர வழியில்லாமல் கல்வி நிலைக்காது என்று அன்றே கண்டுகொண்டார்கள்.

செலவு இப்படி; இனி படிப்பின் விளைவு. அமெரிக்க அரசு 2015இல் புதுப்பித்து வெளியிட்ட காலேஜ் ஸ்கோர்கார்டு, கல்லூரிவாரியாக உண்மைச் செலவையும் படிப்பை முடிப்போர் விகிதத்தையும் பின்னாளைய வருமானத்தையும் பொதுவில் வைத்தது. வருமானத்தை அப்படியே இங்கே அளவுகோலாக்க நான் ஒப்பமாட்டேன். பட்டம் பெற்றபின் ஓரிரு ஆண்டுகள் அரசுப் பணிக்கான குரூப் 2 தேர்வுக்குப் படிப்பவன், அந்தக் கணக்கில் வேலையற்றவன். முடிப்போர் விகிதமே நமக்கு வேண்டியது. சேர்ந்தவரில் எத்தனை பேர் பட்டத்தோடு வெளியேறினார்கள்?

அதையும் துறைவாரியாகக் கேட்க வேண்டும்; கற்பிப்போர் துறைக்குத் துறை வேறு. அரசுக் கல்லூரிகளில் வகுப்புகளைப் பெருமளவு தாங்குவோர் நிரந்தரப் பணியில் இல்லாத கௌரவ விரிவுரையாளர்கள். 2024 ஜனவரி முதல் அவர்களுக்கு மாதம் ரூ.25,000, யுஜிசி 2019இல் வகுத்த உச்சவரம்போ ரூ.50,000. நல்ல ஆசிரியர்களை இப்படி நிச்சயமின்மையில் வைத்திருப்பது அநியாயம். நிரந்தர ஆசிரியர் இருக்கும் துறையைத் தேடிச் சேருமாறு மாணவனிடம் சொல்வேன்; கல்லூரியின் பழம்பெருமை அதற்கு அடுத்தபடிதான்.

பயணம், துறை இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், குன்றாண்டார்கோவில் மாணவனுக்கு மன்னர் கல்லூரியே பொருந்தும். திருவரங்குளம் பக்கத்துப் பையனுக்கு இதே கணக்கு ஆலங்குடியைக் காட்டலாம்; புதிய கல்லூரி திறந்ததன் நியாயமும் அதுவே. விண்ணப்பம் வழங்கும் நாளிலேயே ஒவ்வொரு துறையும் மூன்றாண்டுக்கு முன் சேர்ந்தோர், பட்டம் பெற்றோர், நிரந்தர ஆசிரியர் எண்ணிக்கைகளை அறிவிப்புப் பலகையில் ஒட்டட்டும். கல்லூரி மணிக்கேற்ப கீரனூரில் இணைப்புப் பேருந்துகளை அரசுப் போக்குவரத்துக் கழகம் அமைக்கட்டும்.