கிண்டியின் திறமூல ஆய்வகமும் மூலநிரல் தொகுப்பும்

லினக்சில் ஒரு மென்பொருளை மூலநிரலிலிருந்து தொகுத்து நிறுவுவது நெடுங்காலம் ஆர்வலர்களின் வேலையாகவே இருந்தது. தமிழ்நாட்டில் அதைத் தேர்வுக்குரிய பாடமாக்கியது கிண்டியிலுள்ள அண்ணா பல்கலைக்கழகம் ஆகும்.

2005இல் இந்திய அரசின் ஆதரவில் கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் தொடங்கப்பட்டது. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் அதை நடத்தின. டெபியனை அடிப்படையாகக் கொண்டு 2007இல் வெளியான 'பாஸ்' இயக்குதளமே அதன் பெயர் பெற்ற விளைவு. பொறியியல் பாடத்திட்டத்தில் திறமூலத்தைச் சேர்ப்பதும் அம்மையத்தின் பணிகளுள் ஒன்று. பாஸை விட அதுவே முக்கியமானது எனலாம்.

பல்கலைக்கழகத்தின் 2008ஆம் ஆண்டு ஒழுங்குமுறையில் கணினி அறிவியல் மாணவர்களுக்கு ஏழாம் பருவத்தில் 'திறமூல ஆய்வகம்' (சிஎஸ் 2406) இடம்பெற்றது. கருனியைத் தொகுத்தல், மெய்நிகராக்கம், பொதி மேலாண்மை ஆகியவற்றுடன் மூலநிரலிலிருந்து தொகுத்தலும் ஒரு பயிற்சி. கட்டளைகளை ஓட்டுவதோடு நின்றுவிடாமல், ஆட்டோகான்ஃப், ஆட்டோமேக், சிமேக், ஆன்ட் போன்ற கட்டமைப்புக் கருவிகளை அறிந்துகொள்ள வேண்டும் எனப் பாடத்திட்டமே வலியுறுத்தியது.

அந்த வலியுறுத்தலின் பொருள், சிறிய நிரலைத் தொகுக்கையில் விளங்காது. வரைகலைப் பொறி போன்ற பெரிய மென்பொருளில் விளங்கும். சி++ மொழியில் ஸ்டீவ் ஸ்ட்ரீட்டிங் தொடங்கிய 'ஓகர்' என்ற முப்பரிமாணப் பொறியை எடுத்துக்கொள்வோம். எழுத்துருக்களுக்கு ஃப்ரீடைப், படங்களுக்கு ஃப்ரீஇமேஜ், திரையில் வரைய ஓப்பன்ஜிஎல் என அது பிற நிரலகங்களைச் சார்ந்தது. டெபியன் வகை லினக்சில் நிரலகம் ஒரு பொதியாகவும், அதைக் கொண்டு தொகுக்கத் தேவையான தலைப்புக் கோப்புகள் 'டெவ்' என முடியும் வேறொரு பொதியாகவும் இருக்கும். நிரலகம் கணினியில் இருந்தும் 'காணவில்லை' என்ற பிழைச் செய்தி வருவது இதனால்தான். தொகுத்து முடிந்த பிறகும் சிக்கல் தீராது: புதிய நிரலகம் யூஎஸ்ஆர்-லோக்கல் அடைவில் போய் அமரும், 'எல்டிகான்ஃபிக்' கட்டளையை இயக்காவிட்டால் செயலி அதைக் கண்டுகொள்ளாமல் போகலாம். மனப்பாடம் செய்த மூன்று கட்டளைகள் இங்கே கைகொடுக்கா.

பாடத்திட்டம் எழுதப்பட்ட காலமும் கவனிக்கத்தக்கது. ஓகரின் 1.6 பதிப்பு லினக்சில் ஆட்டோ கருவிகளால் கட்டப்பட்டது. விண்டோசுக்குத் தனித் திட்டக் கோப்புகள் தேவைப்பட்டன. 2010இல் வந்த 1.7 பதிப்பு சிமேக்கிற்கு மாறியதால் ஒரே விவரிப்பிலிருந்து இரண்டுக்கும் கட்ட முடிந்தது. 2008இல் சேர்ந்த மாணவர் ஏழாம் பருவத்தை எட்டியது 2011இல். பழைய முறை, புதிய முறை இரண்டும் அப்போது புழக்கத்தில் இருந்தன.

2013 ஒழுங்குமுறையில் ஏழாம் பருவத்தின் திறமூல ஆய்வகம் நீக்கப்பட்டது. அப்பருவத்தில் இடம்பெற்ற மேகக் கணிமை ஆய்வகத்தின் பயிற்சிகளுள் ஒன்று, மெய்நிகர் கணினியில் சி தொகுப்பியை நிறுவி ஒரு மாதிரி நிரலை இயக்கிக் காட்டுவது.