மணிக்குப் பத்து சென்ட்

1960-களின் நடுவில், மாஸசூஸெட்ஸ் மாகாணத்துக் கேம்பிரிட்ஜ் நகரிலிருந்த ஐ.பி.எம். விஞ்ஞான நிலையத்தில், ராபர்ட் கிரீஸியும் அவருடைய சகாக்களும் ஒரே கணினியைப் பலருக்குப் பங்கிட வழி தேடியபோது, முழு யந்திரமும் தனக்கே உரியது என்ற பிரமையை ஒவ்வொருவருக்கும் உண்டாக்கிவிட்டால் என்ன என்று துணிந்தார்களே, அந்தத் துணிவிலிருந்து பிறந்ததுதான் மெய்நிகர் கணினி என்ற வஸ்து. 1967-இல் நடைமுறைக்கு வந்த அவர்களுடைய சி.பி.-40, ஒரே யந்திரத்துக்குள் 14 யந்திரங்கள் வரை வைத்துக் காட்டிற்று. ஒன்றுக்குள் நடப்பது மற்றொன்றுக்குத் தெரியாது. இந்தச் சுவரை வாசகர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நலம்.

இடைப்பட்ட காலத்தைத் தாண்டிவிடுவோம். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் கிறிஸ் பிங்கம் தலைமையில் ஒரு சிறு குழு உருவாக்கிய, இத்தகைய மெய்நிகர் கணினிகளை வாடகைக்கு விடும் சேவையை 2006 ஆகஸ்டில் அமேஸான் வெளியிட்டது. அதன் பெயர் இ.சி.2, வாடகை, ஒரு கணினிக்கு மணிக்குப் பத்து சென்ட். அமேஸான் சைக்கிள் கடைக்காரர் போல மணிக்கணக்கில் வாடகை வாங்கத் தொடங்கிய அன்றுதான் தானே செயல்படும் காவலின் அவசியமும் பிறந்தது என்பது என் அபிப்பிராயம். சொந்தமாக வாங்கிய கணினி சும்மா கிடந்தால் யாருக்கும் உறைக்காது. வாடகைக் கணினி சும்மா கிடந்தாலோ மணிக்கு மணி காசு கரைகிறது. அதுவரை நாகியோஸ் போன்ற நிரல்கள் கணினியின் நாடியைப் பார்த்து, பழுது கண்டால் நடுநிசியில் பணியாளரை எழுப்பும். பரிகாரம் செய்வது மட்டும் பெரும்பாலும் மனிதர் வேலையாகவே இருந்தது.

அந்த ஏற்பாடு போதாது என்பதை 2008 ஏப்ரலில் அனிமோட்டோ பிரத்தியட்சமாகக் கண்டது. புகைப்படங்களைக் கோத்துப் படமாக்கித் தரும் அச்சிறு ஸ்தாபனத்துக்கு ஃபேஸ்புக் வழியே ஜனங்கள் திரண்டு வர, சுமார் 50 வாடகைக் கணினிகளில் நடந்துகொண்டிருந்த அதன் காரியம் சில நாட்களுக்குள் 3,000-க்கு மேற்பட்ட கணினிகளைக் கேட்டது. அத்தனை கணினிகளையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறக்க எந்த மனிதனால் முடியும்?

2009 மே 18 அன்று அமேஸான் மூன்று சேவைகளை ஒருசேர அறிவித்தது. கிளவுட்வாட்ச் கணினிகளைக் கண்காணிக்கும். ஆட்டோ ஸ்கேலிங் அந்தக் கணக்கைக் கொண்டு கணினிகளைக் கூட்டும், குறைக்கும். மூன்றாவதான லோட் பேலன்சர் வருகிறவர்களை அவற்றினிடையே பங்கிடும். விதி எளியதுதான்: சி.பி.யு. உபயோகம் இன்ன சதவீதத்தைத் தாண்டினால் ஒன்றைச் சேர், இன்னதற்குக் கீழே இறங்கினால் ஒன்றை நீக்கு. ஆனால் புதிய கணினி எழுந்து வேலைக்கு வரச் சில நிமிஷங்கள் ஆகுமாதலால், அதற்குள் விதி மறுபடி மறுபடி தூண்டப்பட்டு வேண்டாத கூட்டத்தைச் சேர்த்துவிடாதபடி, கூல்டவுன் என்ற பெயரில் ஒரு பொறுமைக் காலத்தையும் விதிக்க வேண்டியிருந்தது. வழக்கமான அளவு 300 விநாடி. பதற்றம் மனிதருக்கு மட்டும் உரியதன்று போலும்!

இனி அந்தச் சுவர். வெளியே நிற்கும் காவலனான கிளவுட்வாட்சுக்கு சி.பி.யு.வின் உழைப்பும் வலையில் போய்வரும் தரவின் அளவும் தெரிந்தன. ஆனால் உள்ளே நினைவகம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது தெரியவில்லை. தனக்கே உரிய யந்திரம் என்று கேம்பிரிட்ஜில் கொடுத்த வாக்கு அப்படியே நின்றது. ஆகவே, நினைவகக் கணக்கு வேண்டுமென்றவர்கள் ஏஜென்ட் என்னும் ஒரு சிறு நிரலைத் தங்கள் கணினிக்குள் தாங்களே குடியேற்றி, உட்செய்தியை வெளியே அனுப்பச் செய்தார்கள். இன்றும் அப்படித்தான் செய்கிறார்கள்.