ஒரு சொல் திரட்டிய வரலாறு

சேலத்திலும் நாமக்கல்லிலும் எழுத்தறியா முதியவரும் தயக்கமின்றி உச்சரிக்கும் ஆங்கிலச் சொல் ‘கலெக்டர்’. பெயர்ப்பலகை ‘மாவட்ட ஆட்சியர்’ என்று கூறினும், மக்கள் நாவில் நிலைத்திருப்பது கலெக்டரே. இச்சொல் வந்த வழியைச் சற்றே சிந்திப்போம்.

இதன் வேர் இலத்தீன். ‘லெகெரே’ என்னும் வினைக்குப் பொறுக்குதல், கொய்தல் என்று பொருள். வாசித்தல் என்ற பொருளும் உண்டு. ‘கூட’ எனப் பொருள்தரும் முன்னொட்டு அதனோடு இணைய, ‘கொல்லிகெரே’, அதாவது ஒன்றுதிரட்டுதல், என்னும் சொல் பிறந்தது. திரட்டுபவரே கலெக்டர்.

எதைத் திரட்டினார்? வரியை. 1772-இல் வாரன் ஹேஸ்டிங்ஸ் வங்காளத்தில் இப்பதவியை ஏற்படுத்தினார். 1792-இல் திப்பு சுல்தானுடன் ஏற்பட்ட சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகாலும் சேலமும் கம்பெனியின் கைக்கு வந்தன. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் அவற்றின் பொறுப்பை ஏற்றார். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ அவருடைய உதவியாளருள் ஒருவர். நிலத்தை அளந்து, இடைத்தரகரின்றி உழவரிடமே வரி பெறும் இரயத்துவாரி முறை இம்மண்ணில்தான் உருப்பெற்றது. வானம் பார்த்த புன்செய் உழவனுக்குக் கலெக்டர் என்பதன் பொருள் அகராதியின்றியே விளங்கியிருக்கும். தமிழிலும் ‘தண்டல்’ என்றால் வரி திரட்டுதலே.

ஆயினும் இதே வேர் நம் ஆலயத்திலும் உண்டு. எருசலேமின் ஏழைகளுக்காகப் புனித பவுல் கொரிந்தியரிடம் கேட்ட நன்கொடையை (1 கொரி 16:1) இலத்தீன் விவிலியம் இவ்வேர்ச் சொல்லாலேயே குறிக்கிறது. திருப்பலியில் குருவானவர் ‘மன்றாடுவோமாக’ என்றதும் சிறிது நேரம் மௌனம் காக்கிறோம். அம்மௌனத்தில் ஒவ்வொருவரும் எழுப்பும் வேண்டல்களை ஒன்றாகத் திரட்டிக் குரு ஒப்புக்கொடுக்கும் மன்றாட்டுக்கு ‘கொலெக்தா’ என்று பெயர். அங்கே அரசுக்காக வாங்கித் திரட்டுதல். இங்கே எளியவருக்காகவும் எல்லாருக்காகவும் திரட்டுதல்.

காலமும் சொல்லைத் திருத்துகிறது. 1997-இல் நாமக்கல் தனி மாவட்டமாகித் தனக்கென ஒரு கலெக்டரைப் பெற்றது. இன்று திங்கள்தோறும் நடைபெறும் குறைதீர்க்கும் நாளில் மூதாட்டியர் மனுவை ஏந்தி வரிசையில் நிற்கின்றனர். வரி திரட்ட வந்த பதவி, மக்களின் குறைகளைத் திரட்டும் பதவியாகவும் வளர்ந்திருக்கிறது. அம்மனுக்கள் கட்டாகக் கட்டப்பட்டு உறங்குமா, வாசிக்கப்படுமா என்பதில்தான் அப்பதவியின் பெருமை அடங்கியுள்ளது. திரட்டுதலும் வாசித்தலும் ஒரே வேரின் பொருள்கள் அல்லவா?

ஞாயிறுதோறும் காணிக்கை திரட்டும் நாமும், அது யாருக்காக என்பதை மறவாதிருப்போம்.