ப்ரூஸ்டர் என்னும் சொல்

பெரும்பாணாற்றுப்படை நடத்திக்கொண்டிருந்த ஒரு வகுப்பில், வலைஞர் குடியிருப்பில் பாணனுக்குக் கிடைக்கும் குடிவகை பற்றிய அடிகள் வந்தன. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆறவிட்டு, உரைகாரர்கள் முளை என்று பொருள் சொல்லும் ஒன்றை அதில் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடிக்குள் விளையவிட்டு, விரலால் அலைத்துப் பிழிந்தெடுக்கும் கள் அது. பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: “இது பீர்தானே மேடம்?” வகுப்பு சிரித்தது. ஆனால் கேள்வி சரியானது. இது மரத்திலிருந்து இறக்கிய கள் அல்ல. தானியத்தைப் புளிக்கவைத்து எடுத்தது. “ஆமாம்” என்று சொல்லிவிட்டேன். சொன்னது சரியா என்று அன்றிரவு பார்க்க உட்கார்ந்ததில் தொடங்கியது இந்தக் கட்டுரை.

(பீரைப் பற்றி எழுதும் பெண், தான் குடிப்பவளா இல்லையா என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்றொரு எதிர்பார்ப்பு நம்மிடம் உண்டு. ஆண் எழுதினால் யாரும் கேட்பதில்லை. நானும் சொல்லப்போவதில்லை.)

இன்றைய கையேடுகள் பீரை ஏல், லாகர் என்று இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிக்கின்றன. பிரிப்பது ஈஸ்ட். ஏலின் ஈஸ்ட் வெதுவெதுப்பில் வேகமாக வேலை செய்து, நுரையோடு மேலே எழும்பும். பழவாசனை ஒன்றை விட்டுச்செல்லும். லாகரின் ஈஸ்ட் குளிரில் மெதுவாக வேலை செய்து அடியில் படியும். பிறகு அதை வாரக்கணக்கில் குளிரிலேயே வைத்திருப்பார்கள். லாகர் என்ற ஜெர்மன் சொல்லுக்கே சேமித்துவைக்கும் இடம் என்றுதான் பொருள். போர்ட்டர், ஸ்டவுட், இந்தியா பேல் ஏல் எல்லாம் முதல் குடும்பம். பில்ஸ்னர் இரண்டாவது. நிறம் கறுத்திருந்தால் போதை அதிகம் என்று நினைப்பது தவறு. கறுப்பு, முளைகட்டிய பார்லியை வறுப்பதால் வருவது. பெயர்களைக் கவனித்தேன். பில்ஸ்னர், 1842இல் அது பிறந்த பில்சன் நகரத்தின் பெயர். போர்ட்டர், 18ஆம் நூற்றாண்டு லண்டனில் அதை விரும்பிக் குடித்த சுமைகூலிக்காரர்களின் பெயர். பேல் ஏலுக்கு முன்னால் இந்தியா ஒட்டிக்கொண்டது, இங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் வந்ததால். ஊர், கூலியாள், காலனி. வடித்த பெண்ணின் பெயர் எதிலும் இல்லை.

இந்தப் பிரிவினையே பிற்காலத்தது. 15ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஏலும் பீரும் ஒன்றன் வகைகள் அல்ல, இரு வேறு பானங்கள். ஈஸ்டுக்கும் அந்த வேறுபாட்டுக்கும் சம்பந்தமில்லை. முளைதானியம், தண்ணீர், நுரை இவ்வளவில் செய்தது ஏல். அதில் ஹாப்ஸ் என்ற கொடியின் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்தால் பீர். ஹாப்ஸின் கசப்பு பானத்தைக் கெடாமல் காக்கும் என்று 12ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவைத்தவர் ஜெர்மனியின் மடத்துத் தலைவி ஹில்டகார்ட். இங்கிலாந்துக்கு அந்தப் பீர் 14ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கடல் கடந்து வந்தது. அதற்கு முன் அங்கே ஏல்தான். ஏலை வடித்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

வரலாற்றாசிரியர் ஜூடித் பென்னட் இதைப் பற்றி 1996இல் ஒரு முழு நூல் எழுதினார். அவருடைய ஆதாரம், அபராதப் பட்டியல்கள். 13ஆம் நூற்றாண்டிலிருந்து ஏலின் விலையைத் தானிய விலையோடு கட்டிவைத்த சட்டம் ஒன்று இருந்தது. சுவைத்துப் பார்க்க ஊருக்கு ஊர் ஆள் உண்டு, அநேகமாக ஆண். விற்பனைக்கு வடிப்பவர்கள் தவறு செய்தாலும் செய்யாவிட்டாலும் ஒரு சிறு தொகை கட்டினார்கள்; உரிமக் கட்டணம் மாதிரி. அந்தப் பட்டியல்களில்தான் அந்தப் பெண்கள் இன்றும் இருக்கிறார்கள். வீட்டுக்கு வடித்ததில் மிஞ்சியதை விற்றார்கள். ஏல் சில நாளில் புளித்துப்போகும், ஆகவே வைத்திருக்க முடியாது. இந்த வாரம் ஒருத்தி, அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரி. ஏல் தயார் என்பதற்கு அடையாளமாக வாசலில் ஒரு கழியை நட்டு அதில் தழையைக் கட்டுவார்கள்.

இதைப் பொற்காலம் என்று எண்ண வேண்டாம் என்கிறார் பென்னட். எனக்கு அந்நூலில் முக்கியமாகப் படுவது அதுதான். ஏல் வடிப்பது பெண்கள் கையில் இருந்ததற்குக் காரணமே, அதில் வருமானம் கொஞ்சம், மதிப்பும் கொஞ்சம் என்பதுதான். வருமானம் பெருகத் தொடங்கியதும் கை மாறியது.

பெருக்கியதில் ஹாப்ஸுக்குப் பங்குண்டு. 1574இல் ஹாப்ஸ் பயிரிடுவது பற்றி நூல் எழுதிய ரெஜினால்ட் ஸ்காட் ஒரு கணக்குச் சொல்கிறார்: ஒரு புஷல் முளைதானியத்தில் ஏல் என்றால் 8, 9 காலன், பீர் என்றால் 18, 20 காலன். அதே தானியத்தில் இரண்டு மடங்கு. கெடாது, பீப்பாயில் அடைத்துத் தொலைவூருக்கும் படைகளுக்கும் அனுப்பலாம். ஆனால் அதற்குப் பெரிய செம்புக் கொப்பரை, அதிக விறகு, பீப்பாய்கள், கூலியாட்கள், கடன் கொடுக்க ஆள் எல்லாம் வேண்டும். கணவனின் கையெழுத்து இல்லாமல் கடன் வாங்க முடியாதவள் எங்கே போவாள்? விதவைகளும் திருமணமாகாதவர்களும் முதலில் விலகினார்கள். லண்டன் ஏல் வடிப்போர் சங்கத்தில் 1420ஐ ஒட்டிய ஆண்டுகளில் மூன்றில் ஒருபங்கு அளவுக்குப் பெண்கள் இருந்தார்கள். நிர்வாகப் பொறுப்பில் ஒருத்தியும் இல்லை. 1600 வாக்கில் தொழில் பெரிதும் ஆண்களுடையதாகிவிட்டது.

விலகியவர்களில் ஒருத்தியின் குரல் மட்டும் நமக்குக் கிடைத்திருக்கிறது. மார்ஜரி கெம்ப், லின் நகர மேயரின் மகள், 14 பிள்ளைகளைப் பெற்றவர். எழுதத் தெரியாத அவர் சொல்லச் சொல்லப் பிறர் எழுதிய வாழ்க்கைக் கதை, ஆங்கிலத்தின் முதல் தன்வரலாறு என்று சொல்லப்படுகிறது. அதன் கையெழுத்துப்படி 1934இல்தான் அகப்பட்டது. மூன்று நான்கு ஆண்டுகள் ஊரின் பெரிய ஏல் வடிப்பவர்களில் ஒருவராக இருந்ததாகச் சொல்கிறார். பிறகு பணம் போயிற்று. கைதேர்ந்த வேலைக்காரர்கள் இருந்தும், பொங்கி நின்ற நுரை திடீரென்று அமுங்கிவிடும், ஒவ்வொரு தடவையும். வேலைக்காரர்கள் வெட்கப்பட்டு விலகினார்கள். ஈஸ்ட் என்பது உயிர் என்று அறிய இன்னும் சில நூற்றாண்டுகள் இருந்தன. மார்ஜரி அதைத் தன் கர்வத்துக்குக் கடவுள் தந்த தண்டனை என்று எடுத்துக்கொண்டார். தொழிலில் தோற்ற ஆண்கள் சந்தையைத் திட்டியிருப்பார்கள்.

அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டார் என்றால், மற்றவர்களைத் திட்ட ஊர் இருந்தது. ஜான் ஸ்கெல்டன் 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய எலினர் ரம்மிங் பற்றிய கவிதையில், ஏல் தொட்டிக்கு மேலே கோழிகள் அடைந்திருக்கின்றன. எச்சமும் ஏலில் சேர்கிறது. லட்லோ ஊர்த் தேவாலயத்தின் மர இருக்கையொன்றில், அளவில் ஏமாற்றிய ஏல்காரியைப் பேய் நரகத்துக்குத் தூக்கிப்போகும் செதுக்கல் இருக்கிறது. செஸ்டர் நகரத்தில் 1540இல், 14 வயதுக்கும் 40 வயதுக்கும் இடைப்பட்ட பெண் எவளும் ஏல்கடை நடத்தக் கூடாது என்று ஆணை பிறந்தது. வயது வரம்பைப் பார்த்தாலே பிரச்சினை ஏலில் இல்லை என்பது தெரியும்.

சூனியக்காரியின் கூம்புத் தொப்பியும் பூனையும் துடைப்பமும் இந்தப் பெண்களிடமிருந்து வந்தவை என்றொரு கதை நம் தோழிகளிடையே சுற்றுகிறது. அதற்கு ஆவணம் கிடையாது. செஸ்டர் ஆணை இருக்கும்போது தொப்பி நமக்கு எதற்கு?

சொல்லாராய்ச்சி என் தொழில் என்பதால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பழைய ஆங்கிலத்தில் ‘ஸ்டர்’ பெண்ணைக் குறிக்கும் விகுதி. ஏல் வடிப்பவள் ப்ரூஸ்டர், நெய்பவள் வெப்ஸ்டர், நூற்பவள் ஸ்பின்ஸ்டர். முதல் இரண்டும் குடும்பப் பெயர்களாகி ஆண்களுக்கும் போயின. ஸ்பின்ஸ்டர் மட்டும் பெண்ணிடமே தங்கியது. தொழில் போய், கல்யாணமாகாதவள் என்ற ஏச்சாக. மதுக்கடை உரிமம் வழங்க இங்கிலாந்து நீதிபதிகள் ஆண்டுதோறும் கூடிய அமர்வுக்கு, அண்மைக்காலம்வரை ‘ப்ரூஸ்டர் அமர்வு’ என்றே பெயர்.

அடுத்த வகுப்பில் என் பதிலைத் திருத்திக்கொண்டேன். ஹாப்ஸ் இல்லாததால் பழைய இங்கிலாந்துக் கணக்கில் அதைப் பீர் என்று சொல்ல முடியாது, ஏல் என்றுதான் சொல்ல வேண்டும் என்றேன். “யார் செஞ்சது மேடம்?” என்றாள் அதே மாணவி. அடிகளை மறுபடி படித்துக் காட்டினேன். ஆற்றுவது, கலப்பது, நாள் கழிப்பது என்று வினைகள் வரிசையாக வருகின்றன. எழுவாய் இல்லை.