விகிதாசாரப் பிரதிநிதித்துவம்: இலங்கை புகட்டும் பாடம்

ஒரு சங்கத்தில் நூறு அங்கத்தினர் இருக்க, அவர்களுள் முப்பதின்மர் ஒரு கருத்தினராயின், நிர்வாக சபையிலும் அவர்களுக்கு ஏறக்குறைய அவ்வளவு பங்கு கிடைத்தல் நியாயமென்று எவரும் ஒப்புவர். ஆனால் தேசத்தை ஆளும் சபைகளுக்கு அங்கத்தினரைத் தெரிந்தெடுக்குங்கால் இந்நியாயம் பல நாடுகளில் கைவிடப்பட்டிருக்கிறது. தொகுதியில் அதிக வோட்டுப் பெற்ற ஒருவரே வென்றவராவர்; ஏனைய அபேட்சகர்களுக்கு விழுந்த வோட்டுகளெல்லாம் விழலுக்கிறைத்த நீராய்ப் போகின்றன. இம்முறையால் விளையுங் கேட்டினையும், அதனை மாற்றுவதால் உண்டாகும் பயனையும் அறிய நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. அண்டையிலுள்ள இலங்கையின் சரித்திரமே போதிய சான்றாகும்.

1970ஆம் வருஷத்துப் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 37.9 வோட்டுப் பெற்று 17 ஸ்தானங்களையே அடைந்தது. ஸ்ரீலங்கா சுதந்திரக் கட்சி 36.9 பெற்று 91 ஸ்தானங்களை அடைந்தது. பின்னது தன் தோழமைக் கட்சிகளுக்குச் சில தொகுதிகளை விட்டுக்கொடுத்திருந்தது மெய்யே. ஆயினும் அக்கூட்டணி முழுவதும் சேர்ந்து பெற்ற வோட்டும் பாதியை எட்டவில்லை. பெற்ற ஸ்தானங்களோ 151இல் 116.

இதனை வெறுங் கணக்கென்று தள்ளிவிடலாகாது. அந்தச் சபையினரே அரசியல் நிர்ணய சபையாகக் கூடிப் புதிய அரசியற் சட்டத்தை இயற்றினர். ஒரு சமூகத்தாருக்கோ மதத்தாருக்கோ மட்டும் தீங்கு பயக்கும் சட்டத்தைப் பார்லிமெண்டு செய்யலாகாதென்று சோல்பரி அரசியற் சட்டத்தின் 29ஆம் பிரிவு விதித்திருந்தது. 1972இல் அமுலுக்கு வந்த புதிய சட்டத்தில் அக்காப்பு இடம்பெறவில்லை. தமிழரசுக் கட்சியினர் 1971இலேயே நிர்ணய சபையை விட்டு வெளியேறியிருந்தனர். அவர்களுடைய சம்மதமின்றியே காரியம் முடிந்தது. ஜனங்களில் பாதிப்பேருடைய வோட்டும் இல்லாதவர்கள் தேசத்தின் மூலசட்டத்தை மாற்றியமைக்கும் வலிமையை எங்ஙனம் பெற்றார்கள்? தேர்தல் முறையன்றோ அதனை அளித்தது!

நிற்க, சக்கரம் சுழன்றது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி நூற்றுக்கு 50.9 வோட்டுப் பெற்று 168 ஸ்தானங்களில் 140ஐக் கைப்பற்றியது. முன்னர் ஆண்ட சுதந்திரக் கட்சிக்கு 29.7 வோட்டு விழுந்தும் 8 ஸ்தானங்களே கிடைத்தன. தமிழர் விடுதலைக் கூட்டணியோ நூற்றுக்கு ஏழுக்குங் குறைந்த வோட்டுடன் 18 ஸ்தானங்களைப் பெற்றது. அதன் தலைவர் அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். கூட்டணியின் ஆதரவாளர்கள் வடக்கிலும் கிழக்கிலும் செறிந்து வாழ்ந்தமையே இதற்குக் காரணம். செறிந்து வாழ்வோர் பிழைக்கிறார்கள். நாடெங்கும் சிதறி வாழ்வோர் வோட்டிருந்தும் குரலற்றவராகிறார்கள். ஊருக்குச் சில குடும்பங்களாய்ப் பரவியிருக்கும் எச்சமூகத்தாரும் இதனை ஊன்றிச் சிந்தித்தல் வேண்டும்.

1978ஆம் வருஷத்து அரசியற் சட்டம் விகிதாசார முறையைப் புகுத்தியது. ஆயினும் 1982இல் நடந்த சர்வஜன வாக்கெடுப்பினால் பழைய பார்லிமெண்டின் ஆயுள் நீட்டிக்கப்பட்டமையால், புதிய முறையில் முதற் பார்லிமெண்டுத் தேர்தல் 1989இலேதான் நடந்தேறியது. இம்முறையில் 225 அங்கத்தினருள் 196 பேர் 22 தேர்தல் மாவட்டங்களிலிருந்தும், 29 பேர் தேச முழுவதும் கட்சிகள் பெற்ற வோட்டின் விகிதப்படியும் வருகின்றனர். மாவட்டத்தில் நூற்றுக்கு ஐந்துக்குக் குறைந்த வோட்டுப் பெற்ற கட்சிகள் நீக்கப்படும். முதலாவதாக வந்த கட்சிக்கு ஒரு ஸ்தானம் உபரியாக உண்டு. எஞ்சியவை விகிதப்படி பங்கிடப்படும்.

விளைவு யாது? 1989இல் ஐக்கிய தேசியக் கட்சி 50.7 வோட்டுப் பெற்று 125 ஸ்தானங்களையும், சுதந்திரக் கட்சி ஏறக்குறைய 32 வோட்டுப் பெற்று 67 ஸ்தானங்களையும் அடைந்தன. இரு கட்சிகளின் வோட்டு விகிதமும் 1977இல் இருந்ததற்குச் சமீபமானதே. அன்று 8, இன்று 67! ஜனங்களின் மனம் பெரிதும் மாறிவிடவில்லை. அதனை அளக்கும் மரக்கால்தான் மாறிற்று.

இம்முறையால் நிலையான அரசாங்கம் அமையாதென்பர் சிலர். 2024இல் தேசிய மக்கள் சக்தி நூற்றுக்கு 61.6 வோட்டுப் பெற்று 159 ஸ்தானங்களை அடைந்தமை இதற்கு விடையாகும். ஜனங்கள் ஒருமுகமாய் நின்றால் வலிய அரசாங்கமும் அமையும். ஒரே கட்சியின் அபேட்சகர்கள் விருப்பு வோட்டுக்காகத் தம்முள் மோதுவதும், பெரிய மாவட்டத்தில் பிரதிநிதி ஜனங்களுக்கு எட்டாதவராவதும் மெய்யான குறைகளே, அவை திருத்தத்தக்கவை. முறை மாறியதால் இனப்பகை தீர்ந்ததென்றும் நாம் சொல்லோம். கேடு விளைந்து முற்றிய பின்னரன்றோ மருந்து வந்தது!

இந்தியாவிலும் லோக்சபைக்கும் மாகாணச் சட்டசபைகளுக்கும் பழைய முறையே இன்றும் வழங்குகிறது. ஆயினும் ராஜ்யசபைக்குச் சட்டசபை அங்கத்தினர்கள் வோட்டளிக்கும்போது, 1950ஆம் வருஷத்து அரசியற் சட்டப்படி, மாற்றத்தக்க ஒற்றை வோட்டின் வாயிலாக விகிதாசார முறையே கையாளப்படுகிறது. பிரதிநிதிகளுக்கு நியாயமென்று கொள்ளப்பட்டது அவர்களைத் தெரிந்தெடுக்கும் ஜனங்களுக்கு மட்டும் எங்ஙனம் ஆகாததாகும்? இது எந்த வகுப்பாருக்கும் சலுகை கேட்பதன்று. அளித்த வோட்டுக்கு உரிய பங்கைக் கேட்பதேயாம். நம் அன்பர்கள் கட்சிப்பற்றை ஒருபுறம் வைத்து, இவ்விஷயத்தைத் தத்தம் ஊர்க் கூட்டங்களில் ஆராய்வார்களாக.