சயனைடு மேட்டின் அடியில் யார் இருந்தார்கள்?

திருமலை, ஆரணி, போளூர் பக்கத்துச் சேரிகளில் பெரியவர்களிடம் பேசினால், யாராவது ஒருவர் ‘கோலாருக்குப் போன’ உறவைச் சொல்வார். ஆரணிக்குப் பட்டுத் தறியால் பெயர். ஆனால் பண்ணையாள் வாழ்க்கையிலிருந்து தப்ப வட ஆற்காட்டுத் தலித்துகளுக்கு வழி விட்டது தங்கவயல் சுரங்கம்தான்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. 1902இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சுரங்கம் கீழே கீழே போய், சாம்பியன் ரீஃபில் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. ஆழம் கூடக் கூட வெக்கையும் பாறை வெடிப்பும் கூடின. பாறைத்தூள் நுரையீரலில் படிந்து சிலிக்கோசிஸ் ஆனது. மேலேயோ, சயனைடு கலந்து தங்கத்தைப் பிரித்தபின் மிஞ்சிய மண்ணை மலையாகக் கொட்டினார்கள். அருகிலேயே தொழிலாளர் லைன் வீடுகள்.

நம் மக்கள் வாய்மூடி இருக்கவில்லை. 1907இல் மாரிகுப்பத்தில் பௌத்த சங்கம் கண்டார்கள். 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டது. வேலை போனது, 13 மேடுகளும் தூசியும் நின்றன. 2024இல் அந்த மேடுகளிலிருந்து, சுமார் 3.3 கோடி டன் மண்ணிலிருந்து, மறுபடி தங்கம் எடுக்கக் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது.

மிச்சத் தங்கத்துக்குக் கணக்கு இருக்கிறது. தூசியை அடக்குவது யார்? குடிதண்ணீரைச் சோதிப்பது யார்? அதில் கிடைக்கும் வேலை யாருக்கு? முதல் மண்வெட்டி விழுமுன் இதற்கெல்லாம் எழுத்தில் பதில் வேண்டும்.