வாக்குப் பெட்டிக்குக் காவல்: கம்போடியா 1993

இந்த ஆண்டு மலருக்கும் ஒரு சரித்திரக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்து நண்பர்கள் கேட்டார்கள். சமணக் கல்வெட்டு பற்றி எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். நான் எடுத்துக்கொண்டது கம்போடியா. அங்கோர்வாட் கோயிலைப் பற்றி நம்மவர்கள் நிறைய எழுதியாகிவிட்டது. அந்தக் கோயில் இருக்கிற நாட்டில் 1993-இல் நடந்த தேர்தலைப் பற்றி நம்மில் அதிகம் பேர் கேட்டதில்லை. நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன், பாத்திரக் கடைக்காரன். வரவு செலவு பார்த்துப் பழகிய கண்ணோடுதான் சரித்திரத்தையும் படிக்கிறேன். இங்கே கேட்கப்போவதும் கணக்குக் கேள்விதான். வெளிநாட்டுப் பட்டாளத்தைக் காவல் வைத்து ஒரு நாட்டில் தேர்தல் நடத்தினால் கடைசியில் மிச்சம் என்ன?

நாடு இருந்த நிலை

1975 ஏப்ரலில் கெமர் ரூஜ் படை தலைநகர் நாம்பென்னைப் பிடித்தது. 1979 ஜனவரியில் வியட்நாம் படை வந்து விரட்டும் வரை, நான்கு வருஷத்துக்குள் பட்டினியாலும் கொலையாலும் சுமார் 17 லட்சம் பேர் மாண்டார்கள். அப்போது அந்த நாட்டின் மொத்த ஜனத்தொகையே 80 லட்சத்துக்குள்தான். அதற்குப் பிறகும் நிம்மதி இல்லை. ஒரு பக்கம் வியட்நாம் அமைத்த அரசு. எதிர்ப்பக்கம் கெமர் ரூஜ், இளவரசர் சிஹானுக்கின் ஆட்கள், இன்னொரு குடியரசுக் கட்சி. இந்த நான்கு தரப்பும் பன்னிரண்டு வருஷம் அடித்துக்கொண்டன. லட்சக்கணக்கானவர்கள் தாய்லாந்து எல்லை முகாம்களில் கிடந்தார்கள்.

1991 அக்டோபர் 23-இல் பாரிஸில் ஒப்பந்தம் ஆயிற்று. இந்தியாவும் அதில் கையெழுத்திட்டது. தேர்தல் முடியும் வரை நாட்டை ஐ.நா. மேற்பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு.

நமக்கு இதில் பழைய சம்பந்தமும் உண்டு. 1954 ஜெனீவா ஒப்பந்தப்படி இந்தியா, கனடா, போலந்து மூன்றும் சேர்ந்த கண்காணிப்புக் குழு கம்போடியாவுக்குப் போனது. தலைமை இந்தியாவுக்கு. தொடக்கத்தில் அந்தக் குழுவின் தலைவராக இருந்தவர் நம் தமிழர் ஜி. பார்த்தசாரதி. 1955 தேர்தலில் சிஹானுக்கின் கட்சி 91 இடங்களையும் வாரிக்கொண்டது. அந்தக் குழுவால் பார்க்கத்தான் முடிந்தது. அதன் கையில் படை இல்லை. 1992-இல் போன ஐ.நா. அமைப்புக்கோ படை, போலீஸ், சிவில் அதிகாரிகள் என்று எல்லாம் சேர்த்து சுமார் 22,000 பேர். தலைவர் ஜப்பானியரான யசுஷி அகாஷி. படைத்தளபதி ஆஸ்திரேலியாவின் ஜான் சாண்டர்சன். இந்தியத் தரைப்படை பட்டாலியன் ஒன்று கம்போங் சாம் பகுதியில் நின்றது.

மூங்கில் கழி

இவ்வளவு பெரிய படையின் முதல் சோதனை எப்படி முடிந்தது தெரியுமா? 1992 மே 30 அன்று அகாஷியும் சாண்டர்சனும் கெமர் ரூஜ் வசமிருந்த பைலின் பக்கம் போனார்கள். சாலைக்குக் குறுக்கே ஒரு மூங்கில் கழி. பக்கத்தில் சில இளவட்டச் சிப்பாய்கள். மேலே போகக்கூடாது என்றார்கள். இருவரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

உலகப் பத்திரிகைகள் சிரித்தன. ஆனால் அமைதிப்படை என்பது சண்டை போட்டு ஜெயிக்க அனுப்பப்பட்டது இல்லை. எல்லாத் தரப்பும் சம்மதித்தால்தான் அதற்கு வேலை. நான்கு தரப்பிலும் ஆயுதத்தை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு தேர்தல் என்பது திட்டம். கெமர் ரூஜ் கொடுக்க மறுத்ததும் மற்றவர்களும் கையை இழுத்துக்கொண்டார்கள். திட்டத்தில் பாதி அங்கேயே போயிற்று.

சாண்டர்சன் அப்போது செய்ததுதான் முக்கியம். அந்த ஆண்டின் கடைசியில் படையின் வேலையையே மாற்றினார். ஆயுதம் பறிப்பதை விட்டுவிட்டு, வாக்காளர் பதிவையும் சாவடியையும் பெட்டியையும் காப்பது என்று வைத்துக்கொண்டார். தேர்தல் அதிகாரிகள் மாகாணவாரியாக வேலை செய்ததால், பட்டாலியன்களையும் அந்த எல்லைகளுக்கு ஏற்ப நிறுத்தினார். சரக்கு முழுசையும் காப்பாற்ற முடியாதபோது கல்லாப் பெட்டியையாவது காப்பாற்றும் புத்தி அது.

ரகசியம் என்ற சொல்

1993 ஜனவரி முடிவதற்குள் சுமார் 47 லட்சம் பேர் பதிவு செய்துகொண்டார்கள். இனிதான் கஷ்டம். சில ஊர்களில் ஆளும் கட்சியார் வாக்காளர் அட்டையை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நீ யாருக்குப் போடுகிறாய் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும் என்று கிளப்பிவிட்டார்கள். ஒரு வார்த்தை மாறிச் சொன்னதற்குத் தலை போன நாடு அது. யார்தான் பயப்படமாட்டார்கள்?

இதற்கு ஐ.நா. கண்ட மருந்து வானொலி. 1992 நவம்பரில் சொந்த ஒலிபரப்பு தொடங்கியது. ஜப்பானிலிருந்து வந்த ரேடியோப் பெட்டிகள் ஊர் ஊராகப் போயின. உங்கள் வாக்கு ரகசியம், யாருக்கும் தெரியாது என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். வாக்குகளை மாகாண அளவில் எண்ணியதால், எந்தக் கிராமம் யார் பக்கம் சாய்ந்தது என்பதும் வெளியே தெரியவில்லை.

கொலைகள் நிற்கவில்லை. மார்ச்சில் ஒரு மீனவக் குடியிருப்பில் வியட்நாமிய வம்சாவளியினர் 33 பேர் கொல்லப்பட்டார்கள். ஏப்ரலில் தேர்தல் பணிக்கு வந்த ஜப்பானிய இளைஞர் ஒருவர் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தப் பணியில் ஐ.நா. தரப்பில் மாண்டவர்கள் 82 பேர்.

அந்த மே மாதம் மகா கோசானந்தர் என்ற பௌத்த பிக்கு, துப்பாக்கிச் சண்டை நடந்துகொண்டிருந்த சியெம் ரீப்பிலிருந்து நாம்பென்னுக்கு ஒரு பெரிய பாதயாத்திரையை நடத்தினார். நம் நாளந்தாவில் படித்தவர் அவர். வழியெல்லாம் ஜனங்கள் தண்ணீர்ப் பாத்திரத்தோடு ஆசீர்வாதத்துக்குக் காத்திருந்தார்கள். அகிம்சையைப் பரம தர்மம் என்று வளர்ந்த என் போன்றவனுக்கு இது மனசில் நின்ற இடம். படை பெட்டியைக் காத்தது என்றால், ஜனங்களுக்குத் தைரியம் கொடுத்ததில் இந்த நடைக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஆறு நாள்

மே 23 முதல் 28 வரை வாக்குப்பதிவு. கெமர் ரூஜ் தேர்தலைப் புறக்கணித்து, தாக்குவோம் என்றும் மிரட்டியது. முதல் நாள் காலையிலேயே ஜனங்கள் நல்ல துணி உடுத்தி வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய 90 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சில இடங்களில் கெமர் ரூஜ் ஆட்களே வந்து போட்டதாகச் செய்தி. இரவெல்லாம் பெட்டிக்குப் படை காவல். சும்மா சொல்லக்கூடாது, இந்த ஆறு நாள் வேலையை அமைதிப்படை குறையில்லாமல் செய்தது.

எண்ணிய பிறகு

மொத்தம் 120 இடங்கள். சிஹானுக்கின் மகன் ரணரித்தின் கட்சிக்கு 58. ஹுன் சென் இருந்த ஆளும் கட்சிக்கு 51. ராணுவம், போலீஸ், தாலுக்கா ஆபீஸ் எல்லாம் கையில் வைத்திருந்த கட்சியை ஜனங்கள் ரகசியமாகத் தோற்கடித்துவிட்டார்கள்.

தோற்றவர்கள் எழுந்து போனார்களா? இல்லை. ஜூன் மாதம் அந்தக் கட்சியைச் சேர்ந்த சிலர் கிழக்கு மாகாணங்களைப் பிரித்துக்கொள்வோம் என்று கிளம்பினார்கள். கடைசியில் சமரசம்: ரணரித் முதல் பிரதமர், ஹுன் சென் இரண்டாம் பிரதமர். ஒரு கடைக்கு இரண்டு முதலாளி. கல்லாச் சாவி பழைய முதலாளியிடமே. செப்டம்பரில் அரசியல் சட்டம் வந்தது, ஐ.நா.வின் பொறுப்பு முடிந்தது. 1997 ஜூலையில் ஹுன் சென் சண்டை போட்டு ரணரித்தை வெளியேற்றினார். 2017-இல் முக்கிய எதிர்க்கட்சி கலைக்கப்பட்டது. 2018 தேர்தலில் 125 இடங்களும் ஹுன் சென் கட்சிக்கே. 2023-இல் பதவியை மகனிடம் கொடுத்தார்.

நமீபியா சொல்வது

ஆனால் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 1989 நவம்பரில் நமீபியாவில் ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் நடந்தது. அங்கே படைத்தளபதி நம் இந்தியர், ஜெனரல் திவான் பிரேம் சந்த். 72 இடங்களில் 41-ஐ ஸ்வாப்போ பிடித்தது. அரசியல் சட்டம் எல்லோர் சம்மதத்தோடும் நிறைவேறி, 1990 மார்ச் 21-இல் நாடு சுதந்திரம் அடைந்தது. வித்தியாசம் என்ன? நமீபியாவில் துப்பாக்கி வைத்திருந்த தென்னாப்பிரிக்கா மூட்டை கட்டிக்கொண்டு போயிற்று. கம்போடியாவில் துப்பாக்கிக்காரர் அதே ஊர்க்காரர். அவர் எங்கும் போகவில்லை.

மிச்சம் என்ன?

கம்போடியாவில் ஐ.நா. செலவு சுமார் 160 கோடி டாலர். வீண் என்று சொல்லமாட்டேன். சுமார் 3,60,000 அகதிகள் ஊர் திரும்பினார்கள். தேர்தலுக்கு வராத கெமர் ரூஜ் தனிமைப்பட்டுத் தேய்ந்து, 1999-க்குள் முடிந்துபோனது. மீண்டும் அந்த நாடு கொலைக்களம் ஆகவில்லை. ஆனால் ஜனங்கள் எழுதிய தீர்ப்பு பாதி விலைக்குத்தான் போயிற்று. வாக்குப் பெட்டியைக் காக்கப் பட்டாளம் போதும். அதிலிருந்து வந்த தீர்ப்பைக் காக்க, தோற்றவன் எழுந்து போகும் பழக்கம் வேண்டும். அதை எந்த வெளிநாட்டுப் படையும் கொண்டுவந்து இறக்க முடியாது.

1977 மார்ச்சில், நெருக்கடி நிலைக்குப் பிறகு, இந்திரா காந்தி தோற்றார், ராஜினாமா செய்தார், மொரார்ஜி வந்து உட்கார்ந்தார். பெட்டிக்கு வெளிநாட்டுக் காவல் எதுவும் தேவைப்படவில்லை. நாம் அதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். பிழைக்க வந்த ஊரில் நமக்கென்ன ஓட்டு என்று பட்டியலில் பேர்கூடச் சேர்க்காமல் இருக்கும் குடும்பங்கள் நம் சங்கத்திலேயே உண்டு. அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கம்போடியக் கதையைச் சொல்லுங்கள். அந்த நாட்டு ஜனங்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றது, நமக்கு வீட்டு வாசலிலேயே கிடைக்கிற ஒன்றுக்காகத்தான்.